ஆயுள் பென்ஷன் பாலிசி: ஐந்து வருடம் வாங்கிப் பார்த்தபின் எழுதுவது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு 62 வயது. கையில் மொத்தமாக ஒரு தொகை இருந்தது, மாதச் சம்பளம் நின்றுவிட்டது. பழைய வேலையிலிருந்து ஒரு சிறிய ஓய்வூதியம் வரும், அது மாதச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தாங்கும், அவ்வளவுதான். பணம் இருக்கிறது, ஆனால் எடுத்துச் செலவு செய்யக் கை வராது. இந்த நிலைமையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் மனைவிக்கு இடது காது கொஞ்சம் மந்தம், காதுக் கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் அந்த மாதப் பக்கத்தின் அடியில் பென்சிலால் 'காதுக் கருவி, வாங்கலாமா?' என்று எழுதினாள். அடுத்த மாதப் பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த மாதத்திலும். ஏழு பக்கம் அப்படிப் போனது. நாங்கள் ஏழைகள் இல்லை. இன்னும் எத்தனை வருடம் இருப்போம், அதுவரை இந்தப் பணம் வருமா என்பது தெரியாததால் வந்த பயம் அது.

அந்தப் பயத்துக்காகத்தான் ஆன்யூட்டி என்கிற ஆயுள் பென்ஷன் பாலிசியை வாங்கினேன். ஐந்து வருடம் ஆகிறது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் நல்லதை மட்டும் சொல்கிறார்கள், வேண்டாம் என்பவர்கள் வருமானக் கணக்கை மட்டும் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஒரே முறையில் ஒரு பெரிய தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து நாம் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை வரும். 80 வயதானாலும் வரும், 100 வயதானாலும் வரும். சீக்கிரம் இறப்பவர்கள் விட்டுப்போகும் பணம் நீண்ட நாள் இருப்பவர்களுக்குப் போகிறது, இந்தக் கூட்டுக் கணக்கால்தான் வங்கி வைப்புநிதி கொடுக்க முடியாததை இது கொடுக்கிறது. இந்தக் கணக்கு ரொம்பப் பழையது. வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி 1693-லேயே பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை எடுத்துவைத்து, எந்த வயதுக்காரருக்கு ஆயுள் பென்ஷன் என்ன விலைக்கு விற்கலாம் என்று பட்டியல் போட்டார். அப்போது இங்கிலாந்து அரசு வயதே பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. இன்றும் கோட்பாடு அதேதான்: வாங்கும்போது வயது கூடக்கூட மாதத் தொகை கூடும், வட்டி விகிதம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வாங்கினால் கூடும், அன்றைக்கு நிர்ணயித்தது நிர்ணயித்ததுதான்.

எனக்குக் கிடைத்தது வருடத்துக்கு 7 சதவீதம். இங்கேதான் முதல் கோபம். வீட்டுக்கு வந்த முகவர் இதை 'ஏழு சதவீத வட்டி' என்றார், இரண்டு தடவை சொன்னார். இது வட்டி இல்லை. நான் கொடுத்த 100 போய்விட்டது, அதிலிருந்துதான் வருடம் 7 திரும்பி வருகிறது, என் சொந்தப் பணம் முழுதாகத் திரும்பவே 14 வருடத்துக்கு மேல் ஆகும், அதாவது 76 வயது தாண்ட வேண்டும், அதற்குப் பிறகு வருவதுதான் லாபம் என்று சொல்லலாம். இதை ஒரு முதலீடாக எடுத்து வைப்புநிதியோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் இதை ஒரு சம்பளமாகப் பார்க்கிறேன். சம்பளத்துக்கு வட்டி விகிதம் பார்ப்பதில்லையே.

இரண்டாவது கோபம் விண்ணப்பத்தில். நான்காம் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: தனி ஆயுள், கணவன் மனைவி கூட்டு ஆயுள், பத்து வருட உத்தரவாதம், முதல் (அதாவது போட்ட மொத்தப் பணம்) திரும்பக் கிடைக்கும் வகை, வருடாவருடம் கூடும் வகை. மொத்த பாலிசியும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. முகவர் மற்ற விவரங்களையெல்லாம் முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. 'தனி ஆயுள், முதல் திரும்பும்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அதன் பொருள், நான் போனபின் அவளுக்கு மாதத் தொகை வராது, ஒரு மொத்தத் தொகை வரும், மறுபடியும் அவள் தனியாக உட்கார்ந்து அதே பயத்தோடு கணக்குப் போட வேண்டும். எந்தக் காரணத்துக்காக வாங்கினோமோ அந்தக் காரணமே போய்விடும். ஏன் இதில் டிக் போட்டீர்கள் என்று கேட்டதற்கு 'எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள் சார்' என்றார். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒன்றை நாங்களே நிரப்பினோம். கூட்டு ஆயுள், இருவரில் யார் இருந்தாலும் முழுத் தொகை தொடரும், முதல் திரும்பாது.

முதல் திரும்பாது என்றதும் மகன் முகம் கொஞ்சம் மாறியது, மறைக்கவில்லை. உட்கார்ந்து பேசினோம். முதலைத் திருப்பித் தரும் வகையில் மாதத் தொகை கணிசமாகக் குறையும், ஏனென்றால் அந்த மொத்தப் பணத்தை நிறுவனம் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைப்பதை பாலிசிக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறேன், எது பென்ஷனோ அது பென்ஷனாக மட்டும் இருக்கட்டும் என்றேன். அவனுக்குப் புரிந்தது. பிள்ளைகளிடம் இதை வாங்குவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது, பத்திரம் வந்தபிறகு பேசினால் வேறு மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவுக்கு வாங்குவது என்பதில் நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். பன்னிரண்டு மாதக் கணக்கு நோட்டை எடுத்து ஒவ்வொரு செலவையும் இரண்டாகப் பிரித்தோம்: நிறுத்தவே முடியாதது ஒரு பக்கம், ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாதது மறுபக்கம். சாப்பாடு, மருந்து, மின்சாரம், வீட்டு வரி, மருத்துவக் காப்பீட்டுத் தவணை, இவை முதல் பக்கம். பயணம், அன்பளிப்பு, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாம் மறுபக்கம். முதல் பக்கத்தின் கூட்டுத்தொகை 100 என்றால் பழைய ஓய்வூதியம் 55-ஐத் தாங்கியது. மீதி 45-க்கு மட்டும் பாலிசி வாங்கினேன். அதற்கு மொத்தச் சேமிப்பில் சுமார் 30 சதவீதம் போனது. மீதி 70 என் கையிலேயே இருக்கிறது. முகவர் 60 சதவீதத்தைப் போடச் சொன்னார், கேட்டிருந்தால் பெரிய மருத்துவச் செலவு வந்த அன்று மாட்டிக்கொண்டிருப்பேன், ஏனென்றால் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. என் கணக்கில் இதன் மிகப் பெரிய குறை இதுதான். கையெழுத்துப் போட்டு, யோசித்துத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் அந்தச் சில நாட்களும் கடந்துவிட்டால், கதவு மூடிவிட்டது.

அடுத்த குறை விலைவாசி. எனக்கு ஐந்து வருடமாக வருவது அதே தொகை, ஒரு காசு கூடவில்லை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இந்தப் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும், 4 சதவீதம் என்றால் 18 வருடம், 3 சதவீதம் என்றால் 24. வருடம் 3 சதவீதம் கூடும் வகையும் இருந்தது, ஆனால் அது 7-க்குப் பதிலாக 5.1-ல் தொடங்கும். நோட்டில் போட்டுப் பார்த்தேன்: வருடத் தொகை மற்றதைத் தாண்டுவது 12-ஆவது வருடத்தில், மொத்தமாக வாங்கிய பணம் தாண்டுவது 22-ஆவது வருடத்தில், அப்போது எனக்கு 84 நெருங்கியிருக்கும். நான் நிலையான வகையை எடுத்தேன். கையில் இருக்கும் 70-ல் ஒரு பகுதி சந்தையோடு வளரும் இடத்தில் இருக்கிறது, விலைவாசியை அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஆனால் பாலிசி ஒன்றுதான் ஆதாரம் என்று இருப்பவர்கள் கூடும் வகையைத்தான் எடுக்க வேண்டும், ஆரம்பத்தில் குறைவாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள்.

பாலிசியே வேண்டாம், மொத்தப் பணத்தையும் முதலீட்டில் வைத்து வருடம் 4 சதவீதம் எடுத்தால் போதும் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். அந்த 4 சதவீதம் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் எழுதியது. அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரச் சந்தையின் 1926 முதலான தரவை வைத்து, முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் பணம் தீராது என்று காட்டினார். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாட்டின் கடந்தகாலம், அதுவும் 30 வருடத்துக்கு. சந்தை 30 சதவீதம் விழுந்த மாதத்தில் மருந்து வாங்கப் பங்கை விற்கும் மனத்திடம் எனக்கு இருக்காது, என் மனைவிக்கு இருக்கவே இருக்காது. என் 70-ஐ நானும் ஏறக்குறைய அந்த 4 சதவீத முறையில்தான் எடுக்கிறேன், அடிப்படைச் செலவு வேறு இடத்திலிருந்து வருவதால் விழுந்த வருடத்தில் எடுக்காமல் இருக்க முடிகிறது.

பொருளாதார அறிஞர்களுக்கே இது ஒரு புதிர். வாரிசுக்கு விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர், விலை நியாயமாக இருந்தால், சேமிப்பு முழுவதையும் ஆயுள் பென்ஷனில் போடுவதுதான் லாபம் என்று மெனாஹெம் யாரி 1965-லேயே கணக்கில் நிறுவினார். ஆனாலும் ஏன் யாரும் வாங்குவதில்லை என்று பிராங்கோ மொடிக்லியானி 1985-ல் தன் நோபல் உரையில் கேட்டார். பிரிட்டனில் 2015 ஏப்ரலில் ஓய்வுக்காலப் பணத்தை இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதும் இதன் விற்பனை சரிந்தது. மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெரிய தொகையை ஒரே கையெழுத்தில் விட்டுவிடுவது மனதுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எத்தனை வருடம் இருப்போம் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதற்கு பிரான்சில் நடந்ததை நினைத்துக்கொள்வேன். 1965-ல் ஆர்ல் நகரத்தில் 90 வயது ஜான் கல்மான் அம்மாளோடு 47 வயது நோட்டரி ஒருவர் ஒப்பந்தம் போட்டார், அம்மாள் இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுப்பது, இறந்தபின் வீடு தனக்கு என்று. முப்பது வருடம் கொடுத்து, வீட்டின் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டி, 1995-ல் 77 வயதில் அவர் போய்விட்டார். கல்மான் அம்மாள் 1997-ல் 122 வயதில்தான் இறந்தார், அதுவரை நோட்டரியின் மனைவி கட்டினார். அந்த அம்மாளுக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டே இருந்தது.

சேவை பற்றிச் சொல்ல வேண்டும். பணம் வருவதில் குறை இல்லை, முதல் தேதி காலையில் வங்கிக் குறுஞ்செய்தி வந்துவிடும். ஆனால் மூன்றாம் வருடம் ஒரு மாதம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் உயிர்வாழ் சான்றிதழ் வரவில்லை என்றார்கள். நான் கொடுத்திருந்தேன், ஒப்புகைச் சீட்டும் இருந்தது. நாற்பது நாள் அலைந்தபின், அவர்கள் அலுவலகத்திலேயே வேறு கோப்பில் இருந்ததைக் கண்டுபிடித்துப் பணத்தைச் சேர்த்துப் போட்டார்கள். மன்னிப்பும் இல்லை, தாமதத்துக்கு வட்டியும் இல்லை. அந்த நாற்பது நாளும் சமாளித்தது வங்கியில் ஆறு மாதச் செலவு தனியாக இருந்ததால். 85 வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்கு இப்படி நடந்தால் என்ன செய்வார்? இதற்காகவே மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன், மற்ற குறைகளுக்கு அரை, ஆக ஐந்துக்கு மூன்றரை.

இனி வாங்கப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் மொத்தத்தையும் போடாதீர்கள், இது முப்பது வருட வாக்குறுதி, இரண்டு நிறுவனத்தில் பிரித்துப் போடுங்கள், நிறுவனம் நொடித்தால் உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு வரை காப்பாற்றும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் புகைப்பழக்கம், இதய நோய் உள்ளவர்கள் அதைச் சொல்லிக் கேளுங்கள். பிரிட்டனில் அப்படிப்பட்டவர்களுக்கு மாதத் தொகையைக் கூட்டித் தரும் பாலிசி இருக்கிறது, ஆயுள் காப்பீட்டுக்கு நேர்மாறாக இங்கே நோய் நமக்கு உதவுகிறது.

எனக்கு 70 ஆகும்போது இன்னொரு சின்ன பாலிசி வாங்கலாம் என்று இருக்கிறோம், அப்போது அதே பணத்துக்கு அதிகம் வரும், விலைவாசியில் தேய்ந்ததையும் கொஞ்சம் ஈடுகட்டும்.

காதுக் கருவியை இரண்டாவது பென்ஷன் வந்த வாரமே வாங்கினோம். நோட்டில் அந்தப் பென்சில் வரியை மனைவி பேனாவால் அடித்தாள். சான்றிதழ் கொடுக்க வேண்டிய தேதியை இப்போது அவள் நோட்டிலும் நான் நாள்காட்டியிலும், இரண்டு இடத்தில் எழுதி வைக்கிறோம்.