மெயில் அனுப்பியது ஏஜென்சி, மாட்டிக்கொண்டது நாங்கள்

கரூரில் சின்ன அளவில் கிச்சன் டவல், டேபிள் கிளாத் ஏற்றுமதி செய்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏழு பையர்கள், அவ்வளவுதான். போன வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிலிருந்து பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, ஹோம் டெக்ஸ்டைல் பையர்ஸ் 50,000 பேரோட மெயில் ஐடி இருக்குங்க. அனுப்பறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க ஆர்டரை மட்டும் பாருங்க." 22,000 ரூபாய் கொடுத்தேன். அத்தனை பேரும் இவனிடம் எதற்கு ஐடி கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆசைதான், வேறென்ன.

மெயில் எங்கள் கம்பெனி டொமைனிலிருந்தே போனது. மூன்றாம் நாள், ஒன்பது வருஷமாக எங்களிடம் வாங்கும் கனடா பையர் அதைத் திருப்பி அனுப்பி, "இது உங்கள் வேலையா?" என்று கேட்டார். அப்போதுதான் முழுசாகப் படித்தேன். தலைப்பு, 'ரீ: உங்கள் ஆர்டர்'. எந்த ஆர்டர்? எங்கள் முகவரி எங்கேயும் இல்லை. 'இனி மெயில் வேண்டாம்' என்று சொல்வதற்கான அன்சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்தினால் வெறும் பக்கம் திறக்கிறது.

ஏஜென்சிக்குப் போன் போட்டால், "நாங்க போஸ்ட்மேன் மாதிரிங்கண்ணா. கடுதாசில இருக்கறதுக்குப் போஸ்ட்மேனைப் புடிப்பாங்களா?" என்றான். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். சட்டப் பொறுப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்று பொடி எழுத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

ஏற்றுமதி விவகாரம் தெரிந்த வக்கீல் ஒருவர் விளக்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. விளம்பர மெயிலுக்கான அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் 2004 ஜனவரியிலிருந்து இருக்கிறது. முன்கூட்டியே சம்மதம் வாங்கச் சொல்லவில்லை அது. ஆனால் ஏமாற்றுத் தலைப்பு கூடாது, தபால் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு மெயிலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போட இடமுண்டு. அனுப்பியவர், யாருடைய சரக்குக்காக அனுப்பப்பட்டதோ அவர், இரண்டு பேருமே பொறுப்பாளிகள் ஆகலாம். பொறுப்பை ஏஜென்சி மேல் எழுதி வைத்தாலும் நாம் கழன்றுகொள்ள முடியாது. நம்மேல் எழுதி வாங்கிக்கொண்டதால் போஸ்ட்மேன் தம்பியும் தப்பிக்க முடியாது.

கனடா இன்னும் கறார். 2014 ஜூலையிலிருந்து அங்கே பொதுவாகச் சம்மதம் இருந்தால்தான் விளம்பர மெயில். நிறுவனத்துக்கு 1 கோடி கனடிய டாலர் வரை அபராதம். 'கம்பெனிகளுக்குத்தானே அனுப்பினோம்' என்ற சமாதானத்தையும் நம்பியிருக்க முடியாது. கம்ப்யூ-ஃபைண்டர் என்ற கியூபெக் பயிற்சி நிறுவனம் கம்பெனிகளுக்குத்தான் மெயில் அனுப்பியது. 2015-இல் 11 லட்சம் டாலர் அபராதம் விழுந்து, பிறகு 2 லட்சமாகக் குறைந்தது.

இந்த ஆட்கள் இங்கே தைரியமாகத் திரிவதற்குக் காரணம், குப்பை மெயிலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் விளம்பரப் போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். தொல்லை தரும் மெயிலையும் சேர்த்துப் பிடித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் வேறு காரணத்துக்காக ரத்து செய்துவிட்டது. அது சரியான தீர்ப்புதான்.

எங்கள்மேல் இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை. அடி வேறு பக்கம் விழுந்தது. பையர்களுக்கு நாங்கள் அனுப்பும் சாதாரண மெயில்கூட ஸ்பாமுக்குப் போக ஆரம்பித்தது. ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து தனி விதி வைத்திருக்கிறது. ஸ்பாம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! எங்கள் மெயிலுக்கு எத்தனை பேர் அழுத்தினார்களோ. ஆர்டரை உறுதி செய்யுமுன் அனுப்பும் விலை விவரமான புரோஃபார்மா இன்வாய்ஸ் பையர் கண்ணில் படாமலே ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, அங்கே நிற்பது கஷ்டம் என்றார் வக்கீல். 22,000 போனது போனதுதான்.

இதே பேச்சோடு உங்கள் கடைக்கும் யாராவது வந்தால், அந்த ஐடிகள் எங்கிருந்து வந்தன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. நான் இப்போதும் ஒவ்வொரு இன்வாய்ஸ் அனுப்பியதும் கனடாவுக்கு வாட்ஸ்அப்பில், 'ஸ்பாம் ஃபோல்டரையும் ஒரு தடவை பாருங்கள்' என்று தட்டிக்கொண்டிருக்கிறேன்.