கம்பியா, கம்பமா, தட்டா: குச்சவெளிப் பக்கத்தில் வீட்டு இணையம்

எங்கள் வீடு குச்சவெளியிலிருந்து திரியாய்ப் பக்கம் போகிற வழியில், பிரதான வீதியை விட்டு வயல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் இரண்டு கிலோமீற்றருக்குள். சுற்றிவரத் தென்னையும் வேம்பும். திருகோணமலை நகரத்தில் என் தம்பி வீட்டில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணைப்பு, ஓடுகிறது. அவனுக்கு இணையம் குழாய்த் தண்ணீர் மாதிரி, திறந்தால் வரும். எங்களுக்கு அது கிணறு. கயிறு, கப்பி, வாளி எல்லாவற்றையும் நாங்களேதான் பார்க்கவேண்டும்.

இந்த ஐந்தாறு வருடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் முற்றத்தில் இருபதடி இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் வெளிப்புற 4ஜி ரவுட்டரைப் பொருத்தியிருக்கிறேன். இந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் "அண்ணா, எதைப் போடலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பம்தான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

ஃபோன் ஹொட்ஸ்பொட் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது எல்லோரும் அதைத்தான் செய்தோம். ஜன்னல் கம்பியில் ஃபோனைக் கட்டித் தொங்கவிட்டு, மகள் கீழே பாயில் இருந்து சூம் வகுப்புப் பார்த்தாள். யாராவது அழைத்தால் வகுப்பு நின்றுபோகும். மத்தியான வெயிலில் ஃபோன் கொதிக்கும். வாட்ஸ்அப் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இன்றைக்கும் அது போதும், வேறு எதற்கும் காசு கொட்டத் தேவையில்லை.

தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் எங்களிடம் சில காலம் இருந்தது. அதில் வேகத்தைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கும் பக்கேஜ் அல்ல, கம்பியின் நீளம். தொலைபேசி இணைப்பகத்துக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு 20 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு 20 மெகாபிட்) தாண்டிக்கூட வரலாம். நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் இரண்டு வந்தாலே பெரிய காரியம். மழை பெய்தால் மூட்டுகளில் ஈரம் இறங்கி, ரிசீவரைத் தூக்கினால் பொரிகிற சத்தம் கேட்கும். அதே நேரம் இணையமும் அறுந்து அறுந்து வரும். கிலோமீற்றர் கணக்கில் வெளியில் ஓடும் செப்புக்கம்பி மின்னலுக்கும் நல்ல வழி. பக்கத்தில் எங்கேயோ விழுந்த மின்னலில் இரண்டு மோடம் கருகின. ஒருநாள் வீதியோரத்தில் செப்பைத் திருடுகிறவர்கள் கம்பியையே வெட்டிக்கொண்டு போனார்கள். அதோடு எங்கள் கம்பிக் கதை முடிந்தது.

அப்புறம் வீட்டுக்குள் வைக்கும் 4ஜி ரவுட்டர். கடையில் வாங்கி, சிம் போட்டு, மேசையில் வைத்தால் சரி. வீதியோரத்து வீடுகளுக்கு இதுவே தாராளம். எங்களுக்கு அது நொண்டியடித்தது. காரணம் ரவுட்டர் அல்ல, அது இருந்த இடம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். அது கழித்தல் எண்ணாக வரும். கழித்தல் 80 என்றால் நல்லது, 110ஐத் தாண்டினால் மோசம். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலின் சுத்தம். அது கூடக்கூட நல்லது. 20 என்றால் அருமை, சைபருக்குக் கிட்ட என்றால் இரைச்சலில் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. எங்கள் மேசையில் கழித்தல் 112ம் 2ம் காட்டியது. ரவுட்டரில் மூன்று கோடு தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

தகரக் கூரையும் ஈரத் தென்னோலையும் சிக்னலைக் குடித்துவிடும். ஆகவே மேலே போகவேண்டும். மேலே போக இரண்டு வழி உண்டு. ஒன்று, அன்டனாவை மட்டும் கம்பத்தில் ஏற்றி, இரண்டு கேபிள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரில் செருகுவது. மற்றது, அன்டனாவும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக உள்ள வெளிப்புற ரவுட்டரையே மேலே ஏற்றி, ஒரு நெட்வேர்க் கேபிளை மட்டும் கீழே இறக்குவது. மின்சாரமும் அதே கேபிளில் மேலே போகும்.

நான் முதலில் செய்தது முதலாவது வழி. பிழை அங்கேதான். கடையில் கிடைக்கிற மெல்லிய அன்டனா கேபிள் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ முக்கால் டெசிபலைத் தின்னும். 12 மீற்றர் இழுத்தால் 9 டெசிபல் போச்சு. 3 டெசிபல் குறைந்தால் பாதி என்று கணக்கு. ஆக, கம்பத்தின் உச்சியில் பிடித்ததில் எட்டில் ஒரு பங்குதான் ரவுட்டரிடம் வந்து சேரும். அன்டனா கூட்டிக் கொடுத்ததை எல்லாம் கேபிள் பறித்துக்கொண்டது. தடித்த கேபிள் வாங்கினால் இழப்புக் குறையும். ஆனால் விலை கூட, வளைக்கவும் கஷ்டம்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது உப்பு.

கம்பம் ஏற்றி ஒன்பதாம் மாதம் வேகம் மெல்ல மெல்ல விழுந்தது. டவரில் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பிறகு அன்டனாவை இறக்கி, கேபிள் முனையின் திருகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடு ஊசியைச் சுற்றி, புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடத்தில் பிடிப்பது போலப் பச்சைக்களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் இளகி, பசை மட்டும் விரலில் ஒட்டியது. கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தூரம் என்றால் காற்று உப்பைக் கொண்டுவராது என்று எண்ணியிருந்தேன். மாரியில் வாடைக்காற்று இரவெல்லாம் கொண்டுவந்து கொட்டும். கச்சான் காற்றுக் காலத்து வெயில் டேப்பையும் ரப்பரையும் வெடிக்கவைக்கும். ஒன்று திறந்துவிட, மற்றது உள்ளே போகும்.

எங்கள் கரையோரத்தில் எந்த இணையம் என்பதைத் தீர்மானிக்கிற விடயம் இதுதான் என்பது என் அனுபவம். வாங்கிய அன்று எல்லாமே ஓடும். மூன்றாவது மாரிக்குப் பிறகு எது ஓடும், பழுதானால் அதை யார் திருத்துவது என்பதைத்தான் கேட்கவேண்டும். நகரத்திலிருந்து ஆள் வரும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. ஆகவே, நானே கீழே இறக்கி, நானே திறந்து, திருகோணமலைக் கடைத்தெருவில் கிடைக்கிற சாமானால் நானே சரிசெய்யக்கூடியதாக இருக்கவேண்டும்.

அப்படிப் பார்த்துத்தான் வெளிப்புற ரவுட்டருக்கு மாறினேன். அதில் உப்புக்குக் காட்டிக்கொண்டிருக்கிற அன்டனா மூட்டே இல்லை. கேபிள் நுழைகிற ஒரு துளை மட்டும், அதுவும் கீழ்நோக்கி, ரப்பர் வளையத்தோடு. கேபிளை நேரே உள்ளே செருகாமல் ஒரு வளைவு விட்டுச் செருகினால் மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வீட்டுக்குள் போடும் வெள்ளைக் கேபிளை வெளியில் போடாதீர்கள், வெயிலில் உறை வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கான கறுப்புக் கேபிளை வாங்கி, கம்பத்தின் குழாய்க்குள்ளேயே இறக்குங்கள். வெளியே தொங்கவிட்டால் குரங்குகள் பிடித்து ஊஞ்சலாடும். எங்கள் வேப்பமரத்துக் கூட்டம் ஒரே காலையில் இரண்டு தடவை அறுத்தது. குழாயின் மேல்வாயைக் கட்டாயம் அடையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய உதவி கீல். கம்பத்தை அப்படியே கொங்கிறீட்டில் புதைக்காமல், மூன்றடி உயரத்துக்கு இரண்டு இரும்புக் கட்டைகளைப் புதைத்து, நடுவில் கம்பத்தை ஆணியில் கோத்து நிறுத்தச் சொன்னேன். கயிறும் கப்பியும் போட்டுப் படுக்கவைக்கலாம். நானும் மனிசியும் இரண்டு பேராகப் பத்து நிமிடத்தில் இறக்குவோம். யாரும் ஏறத் தேவையில்லை. ஒவ்வொரு ஐப்பசி தொடக்கத்திலும் இறக்கி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, ரப்பர் வளையத்தைப் பார்த்து, கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுகம்பிகளை மாற்றிவிட்டு ஏற்றுவோம். அரைநாள் வேலை.

முதன்முதலில் திசை பிடித்த நாளையும் சொல்லவேண்டும். பக்கத்து டவர் பிரதான வீதியில். எல்லோரும் அதையே பிடிப்பதால் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு அங்கே நெரிசல். நான் குழாயைப் பிடித்து விரலளவு விரலளவாகத் திருப்ப, மகள் உள்ளே இருந்து எஸ்ஐஎன்ஆர் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தாள். "எட்டு... ஒன்பது... அப்பா, பதினாலு! ஆட்டாதீங்க, அப்படியே விடுங்க!" திரும்பிய திசையில் இருந்தது கிட்டிய டவர் அல்ல, வயலுக்கு அந்தப்பக்கம் தூரத்தில் உள்ள டவர். சிக்னல் பலம் குறைவு, சுத்தம் கூட. குழாயில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தோம், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அந்தக் கோட்டுக்கே திருப்புவோம். பகலில் 18 எம்பிபிஎஸ், பின்னேர நெரிசலில் ஆறேழு. மகளின் உயர்தர வகுப்பு இப்போது அறுவதில்லை. பெரிய கோப்புகளை விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கிக்கொள்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருகிற ரவுட்டர் என்றால் ஒரு கவனம். 2025 ஜனவரியிலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத சிம் கருவிகளில் இறுக்கம் வந்திருக்கிறது. அடியில் ஒட்டியுள்ள ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, சரிபார்த்துவிட்டுக் கம்பத்தில் ஏற்றுங்கள்.

இனித் தட்டு, அதாவது செய்மதி இணையம். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய செய்மதிகள் போலல்லாமல் இவை ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் பறக்கின்றன, அதனால் பேச்சில் தாமதம் தெரிவதில்லை. நான் அப்படி ஒரு இணைப்பைப் பயன்படுத்தியது உறவினர் ஒருவரின் விடுதியில் இரண்டு பின்னேரம் மட்டும், ஆகவே மூன்று மாரி தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த இரண்டு பின்னேரமும் வேகம் எங்கள் கம்பத்தைவிடப் பல மடங்கு. ஆனால் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். தென்னந்தலை ஒன்று ஓரத்தில் மறைத்ததில் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் உறைந்தது. கடும் மழையும் கொஞ்சம் மங்கவைக்கும். அறிமுகமானபோது தட்டும் ரவுட்டரும் அடங்கிய வழக்கமான தொகுதிக்கே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாதக் கட்டணமும் ஐந்து இலக்கம். விடுதிக்காரருக்குக் கட்டும். நெல் விற்றுக் குடும்பம் நடத்துகிற எங்களுக்குக் கட்டாது. எனக்கு அதைவிட முக்கியம், தட்டு பழுதானால் அதை நான் திறந்து திருத்த முடியாது.

கரண்ட் கணக்கும் இருக்கிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்றில் கணக்குப்படி 84 வாட்-மணி. பத்து வாட் குடிக்கிற ரவுட்டரை அது ஆறேழு மணித்தியாலம் தாங்கும். வழக்கமான தட்டு 75 வாட்டுக்குக் குறையாமல் கேட்கும், ஒரு மணித்தியாலம்தான். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

ஆனால் தட்டு வெல்கிற இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, எச்சரிக்கை கேட்டதும் கம்பத்தைப் படுக்கவைத்துக் கட்டிவிட்டோம். கம்பத்துக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் புயலுக்குப் பிறகு ஏற்றிப் பார்த்தால் டவரே ஊமை. மின்சாரம் இல்லாமல் டவரின் பற்றரிகளும் தீர்ந்துவிட்டன. நான்கு நாள் மூதூரில் இருக்கிற அக்காவின் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இருந்தோம். அந்த நாலு நாளில் ஊருக்கு ஒரு தட்டும் ஒரு சோலார் பலகையும் இருந்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு வேண்டாம், கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ ஒன்று இருக்கவேண்டும் என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.

மின்னலுக்குக் கம்பமும் விலக்கல்ல. கம்பத்தின் அடியிலிருந்து மண்ணுக்குள் செப்புக் கம்பியை இறக்கியிருக்கிறோம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி கேட்டால் கேபிளைச் சுவரில் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவோம். ஃபைபர் உங்கள் ஒழுங்கை வரை வந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள், கண்ணாடி இழையில் மின்னலும் வராது, களிம்பும் பிடிக்காது. அதுவரைக்கும் கம்பம்.

கீலுக்குப் போடுகிற ஆணியை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், அதைச் சுற்றிக் கிறீஸ் பூசுங்கள். நான் முதலில் சாதாரண ஆணி போட்டேன். ஒரே மாரியில் துருவேறி இறுகி, கடைசியில் வெல்டிங் கடைத் தம்பியைக் கூட்டிவந்து வெட்டித்தான் எடுத்தோம்.