ஒரு ஏக்கர், முப்பது ஏக்கர், அறுபது ஏக்கர்: எந்தப் பல்கலைக்கழகப் பண்ணைக்குப் போகலாம்?

வட அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் வளாகத்துக்குள்ளேயே பண்ணை இருக்கும் விஷயம் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவருகிறது. மூன்று பண்ணைகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: நியூ ஹேவனில் யேல், கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ், வான்கூவரில் யுபிசி என்று எல்லோரும் சொல்லும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். சுற்றிப் பார்ப்பது ஒரு வேலை, களை பிடுங்குவது வேறு வேலை. ஒன்றுக்குத் தோதான இடம் மற்றதற்கு அவ்வளவாக ஒத்துவராது.

யேல் பண்ணை 2003-ல் தொடங்கியது. எட்வர்ட்ஸ் தெருவில், மேட்டில், ஒரே ஏக்கர். சாண்டா குரூஸில் 1967-ல் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒரு செங்குத்துச் சரிவை மாணவர்களோடு கொத்தித் தோட்டமாக்கினார். அதற்குக் கீழே 1971-ல் பண்ணை வந்தது, 30 ஏக்கருக்குக் குறையாது. யுபிசி பண்ணை காட்டையும் சேர்த்து 24 ஹெக்டேர், கிட்டத்தட்ட 60 ஏக்கர்.

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் யேலுக்காகத் தனியாகப் பயணம் வைக்க வேண்டாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒருநாள் வேலை செய்து பார்க்க மூன்றிலும் அதுதான் முதலிடம். காரணம் அளவுதான். ஒரு ஏக்கரில் விதைப்பவர், நடுபவர், கழுவுபவர் எல்லோரும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். தப்பு செய்தால் உடனே யாராவது பார்த்துத் திருத்துவார்கள். கல்வி ஆண்டு நடக்கும்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் வேலைக்குப் பிறகு விறகடுப்பில் பீட்சா சுடும் வழக்கமும் உண்டு. (கூட்டம் பாதி அதற்காகத்தான் என்று சந்தேகம்.)

அக்டோபர் பிற்பாதியில் யேல் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பக்கம் போனால் பூண்டு ஊன்றும் வேலை கிடைக்கும். பல்லைத் தட்டையான அடிப்பக்கம் கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில், பல்லுக்குப் பல் 15 செ.மீ. விட்டு ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் தண்டு வளைந்து மேலே வரப் போராடும், பூண்டு கோணலாகித் திரளாது. சமையலுக்கு உரிப்பதுபோல் தோலை உரித்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. உரித்த பல் குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்து அழுகும். மேலே அரைச் சாண் கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு போடுவது அழகுக்கு அல்ல: மண் உறைந்து இளகி உறைந்து இளகி, மேலோட்டமாக ஊன்றிய பல்லை வெளியே தள்ளிவிடும்.

சாண்டா குரூஸில் அன்றாட வேலையின் பெரும்பகுதி மாணவர் கையிலும் ஊழியர் கையிலும்தான். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு வருகிறவருக்கு அங்கே பெரிதாகச் செய்ய ஒன்றும் இருக்காது. ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து வர முடிந்தால் மட்டும் கேளுங்கள். அப்படிப் போனால் சாட்விக் கொண்டுவந்த இரட்டைக் கொத்து முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

சுமார் ஒன்றேகால் மீட்டர் அகலப் பாத்தி. ஒரு முனையில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைத் தள்ளுவண்டியில் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். வாய்க்காலின் அடியில் இருக்கும் அடுத்த ஓரடியை முள் போன்ற தோட்டக் கவையால் குத்தி நெகிழ்த்த வேண்டும், புரட்டக் கூடாது. பிறகு அடுத்த ஓரடியின் மேல்மண்ணை முதல் வாய்க்காலில் தள்ளுங்கள். இப்படியே மறுமுனை வரை போய், கடைசி வாய்க்காலை வண்டி மண்ணால் நிரப்ப வேண்டும். அடிமண்ணை மேலே கொண்டுவந்தால் அந்தப் பருவப் பயிர் சுருங்கிப்போகும். கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசைந்த மாவுபோல நின்றால் அன்றைக்கு வேண்டாம். ஈரத்தில் கொத்திய மண் காய்ந்ததும் கட்டியாகி, உடைக்க உயிர் போகும்.

நம்மூர் மண்வெட்டி பழகியவர்களுக்கு ஒரு சொல். அங்கே கொடுப்பது காலால் மிதித்து இறக்கும் ஸ்பேடு. ஓங்கிக் கொத்தினால் மணிக்கட்டு போகும். உடல் எடையை மிதியில் போட்டு இறக்குங்கள்.

பார்ப்பதற்கு என்றால் யுபிசிதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரே நிலத்தில் காய்கறி வயல், பழ மரங்கள், காடு எல்லாம் இருக்கின்றன. மத்திய அமெரிக்காவின் மாயா பழங்குடிக் குடும்பங்கள் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக வளர்க்கும் தோட்டமும், அந்த மண்ணுக்கு உரியவர்களான மஸ்குவியம் மக்களின் மொழியில் ‘நாம் வளரும் இடம்’ என்று பெயர் வைத்த தோட்டமும் அங்கே உண்டு. 2009 ஏப்ரலில் இந்த நிலத்தை வீடுகட்டும் திட்டத்திலிருந்து காக்கப் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. இன்று முழு நிலமும் நிற்பதற்கு அதற்கும் பங்குண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைச் சந்தை நாளில் போவது நல்லது. நவம்பருக்குப் பிறகு வான்கூவர் மழையும் சேறும்தான். அங்கே தன்னார்வப் பணி உண்டு, ஆனால் முன்பதிவும் அறிமுக வகுப்பும் கேட்பார்கள். நேரே போய் நின்றால் ஆகாது.

மூன்றுக்கும் பொதுவான சில பிழைகள். கேரட் பாத்தியில் களையெடுக்கும்போது இறகுபோன்ற நாற்றைக் களையென்று பிடுங்குவது. தெரியாவிட்டால் வரிசையைக் கேட்டுக்கொண்டு, வரிசைக்கு வெளியே உள்ளதை மட்டும் எடுங்கள். லெட்யூஸ் நாற்றின் குருத்து மண்ணுக்குள் போனால் அழுகும், தக்காளியை மட்டும் தண்டு மூடும்வரை ஆழமாக நடலாம். பாத்தி மேல் கால் வைத்தால் ஒரு வாரக் கொத்து வீண். வயிற்றுப்போக்கு இருந்தால் அறுவடைக்குப் போகவே வேண்டாம்; அந்தக் கீரையைப் பலர் பச்சையாகச் சாப்பிடுவார்கள். விரல் மூடிய காலணி, தொப்பி, குடிநீர் அவசியம். மாணவர் விசாவில் இருப்பவர்கள், பணமோ உதவித்தொகையோ தரும் பொறுப்பு என்றால் ஒப்புக்கொள்ளும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சாண்டா குரூஸில் பாதையோரப் புதரில் மூன்று மூன்றாக இலை கண்டால் தொடாதீர்கள். அது பாய்சன் ஓக் என்ற நச்சுச் செடியாக இருக்கலாம்; அதன் அரிப்பு வாரக்கணக்கில் விடாது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் பேருந்தில் மெரில் கல்லூரிப் பக்கம் ஏறிப்போய், சாட்விக் தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு, இறக்கமாகப் பண்ணைக்கு வாருங்கள். கீழே நின்றால் மான்டரே விரிகுடா தெரியும்.