வேன் ஓட்டுநரின் கணக்கில் பச்சை விளக்கு: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் சரக்கு வேன் ஓட்டத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாளில் எத்தனை கடைகளுக்குச் சரக்கு இறக்கலாம் என்பதை இத்தனை காலமும் பெரிதும் முடிவுசெய்தது, 1988இல் இங்கே அறிமுகமான 'கிளைட்' என்னும் விளக்குக் கட்டுப்பாட்டு முறைதான். சிட்னியில் உருவான 'ஸ்கேட்ஸ்' முறையை அடிப்படையாகக் கொண்ட இது, சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்களால் வண்டிகளை உணர்ந்து பச்சையின் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதோடு, அடுத்தடுத்த சந்திப்புகளின் பச்சைகளையும் ஒன்றோடொன்று இணைக்கிறது.

இந்த இணைப்பின் அருமை எனக்குப் புரிந்தது லிட்டில் இந்தியா வட்டாரத்துச் சிராங்கூன் சாலையில். அங்குள்ள தேக்கா சந்தையை ஒட்டிய பகுதி ஒருவழிப் பாதை என்பதால், எதிர்த்திசை வண்டிகளுக்காக நேரத்தைப் பங்கிட வேண்டிய சிக்கல் அங்கே இல்லை. விடியற்காலையில் சீரான வேகத்தில் போனால் பல விளக்குகள் பச்சையாகவே வந்துசேரும். என்னை முந்திப் பறந்தவரை அடுத்த சிவப்பில் சந்திப்பது எனக்கு வாடிக்கை. ஆனால் குறுக்குச் சந்திலிருந்து வெளியேறும்போது இதே ஏற்பாடு பொறுமையைச் சோதிக்கும். புதிய ஓட்டுநர்களுக்கு ஒன்று சொல்வேன்: வண்டியை நிறுத்தக் கோடு வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். வெகுதூரம் பின்னால் நின்றுவிட்டால், நீங்கள் காத்திருப்பதே சுருளுக்குத் தெரியாமல் போகலாம்.

நெரிசலைக் குறைக்க 1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணத்தைப் பற்றி என் முதலாளியிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகம் நிலைக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்துக் கட்டணத்தை ஏற்றி இறக்குகிறார்கள். அதனால் நாங்கள் சரக்கேற்றும் நேரத்தையே மாற்றிக்கொண்டோம். பணம் கரைந்தாலும், எப்போது போய்ச் சேர்வோம் என்பதை வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்ல முடிகிறது.

எனக்குள்ள குறை ஒன்றுதான். சுருள்கள் உணர்வது வண்டிகளை. நடந்து வருவோர் பத்துப் பேரானாலும் நூறு பேரானாலும், பெரும்பாலான சந்திப்புகளில் அவர்கள் ஒரு பொத்தானின் ஒரே அழுத்தமாகத்தான் பதிவாகிறார்கள். ஞாயிறு மாலைகளில் தேக்காவில் நடைபாதை கொள்ளாமல் மக்கள் நிற்பதைப் பார்க்கும்போது இது உறுத்தும். முதியோர் தங்கள் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால் சாலையைக் கடக்க, அதன் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் வரை கூடுதலாகத் தரும் வசதி 2009இல் வந்தது. என் தாயார் அட்டையைத் தொட்டுவிட்டு அவசரமில்லாமல் நடக்கிறார். அந்த விநாடிகளில் வேனுக்குள் காத்திருப்பது எனக்குச் சுமையாகத் தோன்றியதில்லை.