தாடைத் தசை வலிக்கு என் நல்ல பல்லைக் குடைந்துவிட்டார்கள்

போன கார்த்திகையில் என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து கேப் போட்டார்கள். அந்தப் பல்லில் ஒரு கோளாறும் இருந்ததில்லை என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதே தொந்தரவு உள்ள யாரும் நான் போன வழியில் போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் எழும்போதே இரண்டு பொட்டும் கனக்கும். தாடை இறுகிப்போய் இட்லியை மெல்லவே சிரமம். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். வலி கடைசியில் அந்தக் கீழ்ப் பல்லில் வந்து நிற்கும். ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பதாக என் கணவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று அம்மா சொல்ல, பூச்சி மாத்திரையும் போட்டேன். வலி அப்படியே இருந்தது.

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கிளினிக். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "வேர்ல இன்ஃபெக்‌ஷன் ஆரம்பிச்சிருக்கு மேடம், விட்டா பல்லையே எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். பல் கடிப்பதைச் சொன்னேன். "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து 11,500 ரூபாய். வலி போகவில்லை. நரம்பை எடுத்த பிறகும் அதே பல்லில் அதே வலி எப்படி வரும் என்று கேட்டேன். கடி ஒத்துப்போகவில்லை என்று சொல்லி மேல் பல் இரண்டை மெஷினால் தேய்த்தார்கள். அப்புறம் 6,000 ரூபாய்க்கு ஒரு நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை. அளவே எடுக்கவில்லை, வெந்நீரில் போட்டெடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்த அதைத் தூக்கத்தில் மென்று மென்றே ஓட்டையாக்கிவிட்டேன். தாடை முன்பைவிட இறுகியது. கடைசியில் மேல்வரிசை முழுக்கக் கேப் போட வேண்டும் என்று ஒன்றரை லட்சத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றுதான் பயந்துபோய் நிறுத்தினேன்.

மாடி வீட்டு அக்கா சொல்லி, கோட்டை ஸ்டேஷன் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். பி.ஜி. படிக்கும் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். முதலில் பல்லைத் தொடவே இல்லை. கடிக்கச் சொல்லி, கன்னத்தில் புடைக்கும் தசையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்ப் பல்லில் விண்ணென்று தெறித்தது. "இந்த வலிதானாம்மா?" என்று கேட்டார். அதே வலி. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மாசெட்டர் என்கிற அந்த மெல்லும் தசை இறுகி முடிச்சு விழுந்தால், வலி பல்லில் இருப்பதுபோலத் தெரியுமாம். நல்லவேளை, பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்த பேராசிரியர், வேரில் எதுவும் தென்படவில்லை என்றார்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குறட்டை உண்டா, காபி எத்தனை தடவை என்றெல்லாம் கேட்டார்கள். ஆறு மாதமாக எஸ்சிடலோபிராம் என்கிற, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தேன். அந்த வகை மாத்திரை சிலருக்குப் பல் கடிப்பதைக் கொண்டுவரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மனநல மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பேசினேன், அவர் அளவை மாற்றினார்.

அச்சு எடுத்துக் கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் புதிய நைட் கார்டு செய்தார்கள். இது கடிப்பதை நிறுத்தாது, பல் தேயாமல் காப்பாற்றும் என்று முதலிலேயே சொன்னார்கள். தினம் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு மிருதுவான சாப்பாடு. பகலில் உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. இதைப் பழகத்தான் நாளானது. வேலை பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒன்றரை மாதத்தில் வலி பாதியானது. இப்போது எப்போதாவதுதான் வருகிறது.

பல்லில் குளிர்ச்சி வைத்துப் பார்த்தார்களா, தட்டிப் பார்த்தார்களா, தாடைத் தசையை அழுத்திப் பார்த்தார்களா என்று கேட்காமல் ரூட் கேனாலுக்குச் சம்மதிக்காதீர்கள். அந்தப் பல்லை ஊசி போட்டு மரத்துப்போக வைத்தும் வலி நிற்கவில்லையென்றால், வலி வேறெங்கிருந்தோ வருகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தாடை வலிக்கென்று பல்லைத் தேய்க்கவோ, வரிசையாகக் கேப் போடவோ விடாதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது. அதே சமயம் வீக்கமோ சீழோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே பாருங்கள்.

என் தேய்த்த பல் இரண்டும் இன்றும் தண்ணீர் பட்டால் கூசுகின்றன. பில், எக்ஸ்ரே, அந்த ஒன்றரை லட்சத் தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அடுத்த வாரம் நானும் என் கணவரும் செங்கல்பட்டுக்குப் போய்க் கொடுக்கிறோம்.