ஃபவுண்டேஷன்: எழுதிய வரிசையா, கதை வரிசையா?

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் அடுக்கைத் துழாவினால் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் ஏழு தலைப்புகளில் கிடைக்கும். எதில் தொடங்குவது?

வழி இரண்டு. ஒன்று, எழுதிய வரிசை: ஃபவுண்டேஷன் (1951), ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர் (1952), செகண்ட் ஃபவுண்டேஷன் (1953), பிறகு 1982, 1986-இல் வந்த தொடர்ச்சிகள், கடைசியாக 1988, 1993-இன் முன்கதைகள். மற்றது கதைக்குள் காலம் ஓடும் வரிசை. அதில் முன்கதைகள் இரண்டும் முதலில் வந்துவிடும்.

என் கட்சி எழுதிய வரிசைதான்.

கதை வரிசைக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்கதைகளில் மக்கள் திரளின் எதிர்காலத்தைக் கணக்கிடும் கணித அறிஞர் ஹாரி செல்டன் என்ற ஒரே நாயகன், டிரான்டர் என்ற ஒரே கோள், ஓட்டமும் துரத்தலும் உண்டு. பழைய மூன்றிலோ பெரும்பகுதி அறைக்குள் நடக்கும் பேச்சு. அசிமோவே 1988 நூலின் முன்னுரைக் குறிப்பில் தன் நூல்களைக் கதைக் கால வரிசையில்தான் அடுக்கித் தந்தார்.

ஆனால் ஒன்று மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுகிறது. விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆண்ட 12,000 ஆண்டுப் பேரரசு சரிகிறது. பின்னால் வரும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகச் சுருக்க செல்டன் 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் இரண்டு அமைப்புகளை நிறுவுகிறார். முதலாவது டெர்மினஸ் கோளில். இரண்டாவது எங்கே? மூன்றாம் நூல் முழுக்க இந்தத் தேடல்தான். விடை ஒன்று சொல்லப்படும், நம்புவோம், அடுத்த அத்தியாயத்தில் அது கவிழும். உண்மை கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். 1993 நூலை முதலில் படித்தவருக்கு இந்த முடிச்சு அவிழ்ந்தே கையில் கிடைக்கிறது. மறந்துவிட்டுப் படிப்பது யாராலும் ஆகாது.

கல்கியைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'பார்த்திபன் கனவு' முதலில் எழுதப்பட்டது. 'சிவகாமியின் சபதம்' பின்னால் எழுதப்பட்ட முந்தைய காலத்துக் கதை. சபதத்தை முடித்துவிட்டுக் கனவுக்கு வந்தால் சிவனடியார் யார் என்ற புதிர் நீர்த்துப்போகிறது.

செல்டனுக்கும் அதே கதிதான். முதல் நூலின் முதல் பகுதிக்குப் பிறகு அவர் பதிவு செய்து வைத்த உருவமாக மட்டுமே, பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்து பேசுகிறார். அந்தத் தூரம்தான் அவருக்கு கம்பீரம். இரண்டாம் நூலில் அந்த உருவம் பேசும் ஓர் இடம் வயிற்றைக் கலக்கும். இரண்டு நாவல்கள் அவரோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்தால் அந்த அதிர்ச்சி பாதியாகிவிடும்.

எழுதிய வரிசையிலும் இடறும் இடம் உண்டு. முதல் நூலின் ஐந்து பகுதிகளில் நான்கு 1942 முதல் பத்திரிகையில் தனித்தனியாக வந்த கதைகள்; முதல் பகுதி மட்டும் நூலுக்கென்று எழுதியது. அதனால் பகுதி மாறினால் பல பத்தாண்டுகள் தாவும், ஆட்கள் மாறிவிடுவார்கள். பலர் மூன்றாம் பகுதியில் மூடி வைப்பது இதனால்தான். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பகுதி, ஆண்டு, அப்போதைய நெருக்கடி என்று அட்டையின் உட்புறம் பென்சிலால் ஒரு வரி போதும்: இரண்டாம் பகுதி ஃபவுண்டேஷன் நிறுவிய 50-ஆம் ஆண்டு, மூன்றாவது 80-ஆம் ஆண்டு. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் போகிறவர்கள் பகுதி முடியும் இடத்திலேயே நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். இரண்டாம் நூலின் பின்பாதியை மட்டும் வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துண்டாடினால் கெட்டுவிடும்.

ஒலிப்புத்தகத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. வசனம் மிகுந்த நூல் என்பதால் காதுக்கு ஒத்துவரலாம். 2021-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் பெயர்களை வைத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது. அதைப் பார்த்தது படிப்புக்குத் துணையாகாது.

வாங்கும்போது தலைப்பை முழுதாகப் படியுங்கள். 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' 1986-இன் தொடர்ச்சி. 'அண்ட் எம்பயர்' என்று நினைத்து எடுத்துவிடுவது எளிது. உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் 1951, 1952, 1953 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மூன்றும் ஒரே கட்டாகக் கிடைத்தால் அது வீட்டுக்கு நல்லது, மெட்ரோவில் நின்றுகொண்டு படிக்க கனம்.