இரண்டு ஸ்பீக்கரில் 3டி ஒலி தரும் பெட்டி: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் சென்னையில் ஓர் ஆடியோ கடையில் 16,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினேன். ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) முன்னால் இதை மாட்டினால் போதும், சாதாரண ஸ்டீரியோ பாட்டுகூட இரண்டே ஸ்பீக்கரில் நம்மைச் சுற்றி ஒலிக்கும் என்றார் கடைக்காரர்.

கடையில் கேட்டபோது அசந்துதான் போனேன். மழைச் சத்தமும் புல்லாங்குழலும் ஸ்பீக்கரைத் தாண்டிச் சுவர் வரை விரிந்தன. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விட்டேன். பெட்டியின் பட்டனைப் போடும்போதெல்லாம் சத்தமும் கொஞ்சம் கூடியது. சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். அப்புறம், மூலையில் தாழ்ந்த ஒலியை (பேஸ்) மட்டும் தரும் ஒரு சப்வூஃபர் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டில் சப்வூஃபர் கிடையாது. பட்டனைப் போட்டதும் தவிலின் அடி காணாமல் போனது. பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்கவில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் காதை அடைப்பது போல் இருந்தது. இருபது வருஷம் மைக் செட் வைத்திருந்த அப்பா உள்ளறையிலிருந்து வந்து, “ஒயரை மாத்திக் கொடுத்துட்டியாப்பா?” என்று கேட்டார்.

பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் அவரே இடம் மாற்றிச் சொருகினார். அச்சு அசல் அதே ‘3டி’! பெட்டியின் இரண்டு அவுட்புட்டையும் லேப்டாப்பில் பதிவு செய்து, இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் ஒரு மோனோ பாட்டை ஓட்டி, இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். முழு நிசப்தம். அதாவது, பெட்டி ஒரு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகிறது. பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

இதனால் இந்தத் துறையே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் சுமார் 0.25 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும். அந்தக் கசிவை அதற்கு நேர்மாறான ஒலியால் ரத்து செய்தால் ஒலி ஸ்பீக்கருக்கு வெளியேயும் விரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அட்டலும் 1960களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அமெரிக்க ஆடியோ பொறியாளர் பாப் கார்வர் 1970களின் கடைசியில் வீட்டு ஆடியோ கருவியிலேயே கொண்டுவந்தார். ஆனால் அதற்கும் ஸ்பீக்கருக்கு நேர் நடுவில் உட்கார வேண்டும். தலை கொஞ்சம் விலகினாலும் போய்விடும். அறையில் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மறுநாள் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனேன். “சார், உங்க ரூம் சரியில்லை” என்றார் கடைக்காரர். லேப்டாப் பதிவைப் போட்டுக் காட்டியதும், டெமோ கேட்டு வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பேச்சை மாற்றினார். பில்லில் மாடல் எண்கூட இல்லை. இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

நீங்கள் போனால் உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பழைய மோனோ பாட்டைக் கொண்டுபோங்கள். சப்வூஃபரை அணைக்கச் சொல்லுங்கள். பட்டனைப் போட்டபின் வால்யூமைக் குறைத்து, முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். பாடகர் நடுவிலேயே நிற்க வேண்டும். பேஸ் குறைந்தால் வாங்காதீர்கள். மாடல் எண்ணும் திருப்பித் தரும் நிபந்தனையும் பில்லில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

பெட்டி இல்லாமலே ஒலி நம்மைச் சுற்றி வர, 1970 வாக்கில் அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்லர் பரப்பிய ஒரு வழி இருக்கிறது. மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கரைப் பின்னால் வைத்து, அதன் இரண்டு ஒயரையும் ஆம்பின் இடது, வலது சிவப்பு முனைகளில் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அதில் வரும்: மண்டபத்தின் முழக்கம், கைதட்டல். கறுப்பு முனையிலும் சிக்னல் வரும் பிரிட்ஜ் வகை ஆம்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்பா தன் பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி நேற்று மாட்டிக் கொடுத்தார். செலவு எட்டு மீட்டர் ஒயர் மட்டும்தான்.